கல்லில் அரைத்தால்தான் மருந்தா?

“மிக்சியில அடிச்சா மருந்து செத்துப் போவும் ஆசானே. கல்லுல அரைச்சாத்தான் உசிரு நிக்கும்.”

இதை முதலில் சொன்ன மகராசன் யாரோ, அவர் கையில் அகப்பட்டால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். கோட்டாறு கம்போளத்தில் அங்காடி மருந்து வாங்கக் காத்து நிற்கும்போது கேட்கிறேன். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் கேட்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ மருந்து இடிக்கிற வீட்டில் மாமியார் மருமகளிடம் சொல்லக் கேட்கிறேன். அந்த மருமகள் பச்சை உடம்போடு ஆட்டுரலைக் கட்டி இழுக்க வேண்டுமாம். பேரன் பிறந்த வீட்டில் இப்படி ஒரு தண்டனை எதற்கு?

மருந்து செய்வதுதான் எனக்குத் தொழில். ஆகவே இந்த ஒரு பேச்சைத்தான் முதலில் உடைக்கப் போகிறேன்.

சூட்டில் சத்து போய்விடும் என்பதுதான் இவர்களுடைய வாதம். சரி, என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சுக்கையும் திப்பிலியையும் மொட்டைமாடியில் பாய் விரித்து உச்சி வெயிலில் நாள் கணக்கில் காயப் போடுகிறார்கள். அப்போது சூடு இல்லை. இடித்த பொடியைச் சட்டியில் போட்டு எட்டுப் பங்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு பங்காக வற்றும்வரை அடுப்பில் கொதிக்க விடுகிறார்கள். அப்போதும் சூடு இல்லை. நடுவில் மிக்சி அரை நிமிடம் ஓடினால் மட்டும் சூட்டில் மருந்து செத்துப் போகிறது! கஷாயம் வைத்துக் குடிக்கிறவர் மிக்சியின் சூட்டைப் பற்றிப் பேச வாய் திறக்கவே கூடாது.

2020இல் ஊரே வரிசையில் நின்று கபசுரக் குடிநீர் குடித்தோமே, அந்தப் பதினைந்து சரக்குகளையும் யாராவது அம்மியில் வைத்து அரைத்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? டெங்கு காலத்தில் அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீருக்கும் இதே கதைதான். டாம்ப்கால் போன்ற அரசு நிறுவனத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கை அரைப்பது இயந்திரம். அதைக் குடித்துவிட்டு ‘நல்லா கேட்டுது’ என்று சொன்ன அதே வாய்தான் இப்போது மிக்சியைப் பழிக்கிறது.

இதில் உண்மை துளியும் இல்லையா என்றால், ஒரு துளி இருக்கிறது. அதைத்தான் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜினால், ஏலத்திலும் சாதிக்காயிலும் வேறு பல எண்ணெய்கள் என்று வாசனைச் சரக்குகளில் காற்றில் பறக்கிற எண்ணெய் உண்டு. யூஜினால் கொதிக்க 250 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். ஆனால் பறந்து போகக் கொதிக்க வேண்டியதில்லை. ஈரத்துணி காய்வதற்குக் கொதிக்கவா செய்கிறது? வீட்டு மிக்சியின் பிளேடு நிமிடத்துக்கு 18,000 சுற்றுவரை சுற்றும். நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். அப்போது எண்ணெய் போகத்தான் செய்யும். அதற்கு மருந்து நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது. பத்து விநாடி ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி ஓட்டு. ஜாரைத் தொட்டுப் பார், வெதுவெதுப்பு தாண்டக்கூடாது. வாசனைச் சரக்கைக் கடைசியில் போடு. அரைத்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காதே, ஆறட்டும். இவ்வளவுதான் வித்தை.

அம்மியில் அரைத்தால் எண்ணெய் போகாது என்று யார் சொன்னது? “எங்க அம்மா அம்மியில அரைச்சா வாசம் அடுத்த தெருவுக்கு வரும்” என்று பெருமை பேசுகிறீர்களே, அடுத்த தெருவுக்கு வந்தது எது? மருந்திலிருந்து கிளம்பிப் போன அதே எண்ணெய்தான். திறந்த கல்லில் மணிக்கணக்காக அரைப்பதைவிட மூடிய ஜாரில் ஒரு நிமிடம் அரைப்பதில் போவது குறைவாகவே இருக்கும். அமுக்கராக் கிழங்கு, கடுக்காய்த் தோல் மாதிரி சரக்குகளில் காரியம் செய்கிற சத்து பெரும்பாலும் பறக்கிற வகையே இல்லை. மிளகின் காரமான பைப்பரின் 130 டிகிரியில்தான் உருகவே தொடங்கும். இவற்றுக்காக மிக்சியைத் தள்ளி வைப்பது வீண்.

மருந்து அரைக்கிற கல்வத்தைக் குறை சொல்கிறேன் என்று எந்த ஆசானும் சண்டைக்கு வர வேண்டாம். பற்பம், செந்தூரம் வேறு விஷயம். அங்கே அரைப்பதே ஒரு சமையல். பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் இட்டு அரைக்க அரைக்கக் கறுப்பாகிறதே, அந்தக் கறுப்பு, இரண்டும் கூடிப் பிறந்த புதிய பொருள். சாமம் என்றால் மூன்று மணி நேரம்; ஏடுகளில் இத்தனை சாமம் அரை என்று கணக்குச் சொல்லியிருப்பது அதற்காகத்தான். அந்த வேலை உரிமம் பெற்ற மருந்துச் சாலைக்கும், பயின்ற வைத்தியருக்கும். வீட்டில் செய்கிற சூரணத்துக்கு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து ஒட்டியதுதான் இந்தக் கட்டுக்கதையின் பிறப்பு. முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பிள்ளையைக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

இந்தக் கட்டுக்கதையில் பணம் பார்க்கிறவர்கள் கல்வம் விற்கிறவர்கள். அதிலும் வெள்ளை மார்பிள் கல்வம். பார்க்க அழகு, படம் பிடித்துப் போட அழகு. ஆனால் மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல். நம் மருந்தில் பாதி எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைப்பது. ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். கல் கரைந்து மருந்துக்குள் போகிறது என்று அர்த்தம். இன்னொன்று மாக்கல். அது பணியாரச் சட்டிக்கு ஆகும், மருந்துக்கு ஆகாது. இரும்பு ஆணியால் கீறினால் கோடு விழும். கோடு விழுகிற கல், குழவி உரசும்போது மட்டும் விழாமல் இருக்குமா? சிமென்டில் வார்த்துக் கறுப்புச் சாயம் பூசிய கல்வத்தைப் பற்றி நான் எழுதினால் பத்திரிகை அச்சிடாது.

வாங்குவதாக இருந்தால் கருங்கல்லில், உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, தோணி வடிவிலோ வட்டமாகவோ வாங்குங்கள். அம்மி போலக் கொத்தியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அம்மிக்குக் கொத்து வேண்டும், கல்வத்துக்குக் கூடாது. கொத்துக் குழியில் போன மாத மருந்து தங்கும், இந்த மாத மருந்தில் கலக்கும். புதுக் கல்வத்தில் பச்சரிசியும் தண்ணீரும் விட்டு அரைத்து ஊற்றுங்கள். மாவு சாம்பல் நிறம் போய் வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். கல்லில் அரைத்தால் எதுவும் சேராது என்பவர்கள் அந்த முதல் மாவை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்க்கட்டும்.

மயிலாடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோயில் சிலை செதுக்குகிற கைகள் அங்கே இருக்கும்போது எங்கிருந்தோ வரும் மார்பிளை ஆன்லைனில் வாங்குவது என்ன புத்தி? ஒரு கல்வம் செய்து தாருங்கள் என்று கேட்டால் செய்ய ஆள் உண்டு. கல்தான் இல்லாமல் போகும் போலிருக்கிறது. நம் மலைகளின் சார்னோகைட் பாறை கெட்டியிலும் கெட்டி. கல்வத்துக்கும் குழவிக்கும் அதைவிட நல்ல கல் வேண்டாம். அதை வெடிவைத்துத் தகர்த்து, ஜல்லியாகவும் எம்சாண்டாகவும் ஆக்கி, இரவு பகலாகக் களியக்காவிளை வழியாக லாரி லாரியாகக் கேரளத்துக்கு அனுப்புகிறோம். மருந்துவாழ் மலையில் மூலிகை இருக்கிறது என்று கைகூப்புகிறவர்கள், பக்கத்து மலை பாதியாகி நிற்பதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிறார்கள். கல்லுக்கு மகிமை பேச ஆளுண்டு, மலைக்குப் பேச ஆளைக் காணோம்.

இனி மற்றக் கட்டுக்கதைகள்.

காந்தம் ஒட்டாத ஸ்டீல்தான் நல்ல ஸ்டீல் என்று ஜாரோடு காந்தத்தையும் கொண்டு கடைக்குப் போகிறார்கள். 304 ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு, காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 202இலும் ஒட்டாது. பிளேடு கூர்மை நிற்க, சூடேற்றிக் கெட்டியாக்குகிற வேறு ரக ஸ்டீலில் செய்வார்கள். அதில் காந்தம் ஒட்டும், ஒட்டவும் வேண்டும். ஆக உங்கள் காந்தம் மட்டமானதைப் பாஸ் பண்ணி, நல்ல பிளேடை ஃபெயில் பண்ணும்.

திரிபலாவை இரும்பு உரலில் இடித்தால் இரும்புச் சத்து சேரும் என்பது இன்னொன்று. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும். பழைய காலத்து எழுதுகிற மை அப்படிச் செய்ததுதான். துவர்ப்போடு கட்டிக்கொண்ட இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. காய்ந்த சரக்கை முதலில் ஒரு தட்டுத் தட்டி உடைக்க இரும்பு உரல் போதும், பொடியாகும்வரை அதிலேயே கிடந்து இடிக்க வேண்டாம்.

நைசாக அரைக்க அரைக்க நல்லது என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தேனில் குழைத்து நக்குகிற சூரணத்துக்கு வஸ்திரகாயம் வேண்டும், துணியில் சலித்த பொடி. குடிநீருக்கு ஒன்றிரண்டாக இடித்தது போதும். நைசாக அரைத்துக் கொதிக்க வைத்தால் வடிகட்ட முடியாமல் கூழாகும். அதையும் குடித்துவிட்டு வயிறு கனக்கிறது என்று என்னிடம் வருவார்கள்.

அடுத்தது, எழுதவே சலிப்பாக இருக்கிறது. பையனின் பையில் உள்ளங்கை அளவு அலுமினிய டப்பா கிடக்கும். திருகித் திறந்தால் உள்ளே இரண்டு பக்கமும் பல், அடியில் கம்பிவலை, அதற்கும் அடியில் ஒரு கிண்ணம். கேட்டால், “மூலிகை அரைக்கிறதுப்பா, ஆன்லைன்ல ஹெர்ப் கிரைண்டர்னு போட்டிருக்கு.” அப்பாவும், பையனுக்குச் சித்த வைத்தியத்தில் நாட்டம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்! எந்த மூலிகையை அரைக்க, தம்பி? அதில் அமுக்கராவைப் போட்டால் உன் கை சுளுக்கும். காய்ந்த சுக்கு ஒரு துண்டு போட்டால் பல் போகும். பிசினுள்ள காய்ந்த பூவைப் பிய்ப்பதற்கும், உதிர்கிற பிசின் தூளை வலைவழியாக இறக்கிச் சேர்ப்பதற்கும் என்றே செய்த சாமான் அது. எந்தப் பூ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விமான அலுமினியம் என்று டப்பாவில் எழுதியிருப்பதும் வெறும் அலங்காரம். 6061 என்ற அந்தக் கலவை சைக்கிள் பாகத்திலும் இருக்கிறது. மலிவானவை துத்தநாகக் கலவையில் வார்த்துச் சாயம் பூசியவை. திருகத் திருகச் சாயமும் உலோகத் தூளும் உதிரும், அதையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கிறார்கள். நல்ல ரகம் எது என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. மருந்துக்கு அதில் நல்ல ரகமே கிடையாது.

“கஞ்சா சிவமூலிகைதானே, சித்த மருத்துவத்திலேயே இருக்கே” என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது. மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணையில், எட்டி, ஊமத்தை, சேங்கொட்டை ஆகியவற்றோடு நச்சுச் சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில்தான் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும். எட்டிக்கொட்டையும் மருந்துதான்; பையில் போட்டுக்கொண்டு திரிகிறீர்களா? ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கேசே இல்லை என்று கல்லூரி வாசலில் ஒரு சட்டம் ஓடுகிறது. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் ஒரு கிலோவரை சிறிய அளவு, அவ்வளவுதான். அதற்கும் ஒரு வருடம்வரை கடுங்காவலோ, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. புகைத்தால் தனியாக ஆறு மாதம்வரை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுகிற ஊர் இது. போலீஸ் விசாரணை வரும்போது சிவமூலிகை என்று சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று நூறு பேர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். 500 வாட்டுக்குக் குறையாத மிக்சி, மருந்துக்கென்று தனியாக ஒரு சின்ன ஜார், சலிக்க வெள்ளைப் பருத்தித்துணி, உடைக்க ஓர் இரும்பு உரல். 2011இல் தொடங்கி அரசு கொடுத்த மிக்சி இன்னும் ஓடுகிறதென்றால், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அதிலேயே அரைக்கலாம். சரக்கு ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள் காயட்டும். ஈரச் சரக்கை அரைத்தால்தான் ஜாரில் அப்பிக்கொண்டு சுடுகிறது. பழியை மிக்சி வாங்குகிறது. பொடித்த சூரணத்துக்கு ஏடு சொல்கிற ஆயுசு மூன்று மாதம், அதனால் கிலோக் கணக்கில் அரைத்து அடுக்காதீர்கள்.

நிறைய இருந்தால் மாவு மில்லுக்குக் கொண்டு போங்கள், தப்பில்லை. ஆனால் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். வத்தல் மிளகாய் என்றால் வீட்டுக்குத் திரும்பி வந்து, மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.