உப்பு நீரில் ஒரு காடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவன்)

வயலில் கடல்நீர் புகுந்தால் பயிர் கருகிவிடும் என்பது கடற்கரை உழவர் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் சேற்றில் ஒரு காடே தழைத்து நிற்கிறது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள பிச்சாவரம் காடுதான் அது. இத்தகைய காட்டை அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுவதால் அப்பெயர் என்று பொருள் சொல்வர். மற்ற மரங்கள் மடியும் இடத்தில் இம்மரங்கள் மட்டும் வாழ்வது எப்படி?

உப்பை வெல்லும் வழி

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உள்ளது. சாதாரணச் செடியின் வேரை அதில் வைத்தால், சவ்வூடு பரவல் விதிப்படி வேரிலுள்ள நீர் வெளியேறும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தால் சாகும். அலையாத்தி மரங்கள் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டுள்ளன. சுரபுன்னை (ரைசோபோரா) வாசலிலேயே காவல் வைக்கிறது. அதன் வேர்கள் உப்பில் 100-க்கு 90 பங்குக்கு மேல் வடிகட்டி நிறுத்திவிட்டு, நீரை மட்டும் மேலே அனுப்புகின்றன. வெண்கண்டலோ (அவிசென்னியா) ஓரளவு உப்பை உள்ளே விட்டு, பிறகு இலைகளிலுள்ள சுரப்பிகளின் வழியே வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவினால் விரலில் உப்புத்தூள் ஒட்டும். நாவில் வைத்தால் கரிக்கும்.

சேற்றில் மூச்சு

உப்பைவிடப் பெரிய இடையூறு சேறு. நீர் நிரம்பிய சேற்றில் காற்றுக்கு இடமில்லை. காற்றின்றி வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. சதுப்பில் கால் வைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் எழுவது இதனால்தான். வேரும் உயிருள்ளது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆகவே வெண்கண்டல் தன் கிளை வேர்களைச் சேற்றுக்கு மேலே பென்சில்களை நட்டு வைத்ததுபோல் நிமிர்த்துகிறது. இவை சுவாச வேர்கள். நீர் வடிந்தவுடன் இவற்றின் பட்டைத்துளைகள் வழியே காற்று உள்ளே செல்கிறது. சுரபுன்னை பல கால்களை ஊன்றி நிற்பதுபோல் முட்டு வேர்களை விடுகிறது. இளகிய சேற்றில் மரம் சாயாமல் தாங்குவதும், நீர் மட்டத்துக்கு மேலே மூச்சு வாங்குவதும் அவையே.

மரத்திலேயே முளைக்கும் பிள்ளை

அலை அடிக்கும் சேற்றில் சிறு விதை விழுந்தால் என்ன ஆகும்? அடித்துச் செல்லப்படும், அல்லது உப்பில் கெடும். எனவே சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடுகிறது. முருங்கைக்காய்போல் கிளையில் தொங்கும் பச்சைக் குச்சி காய் அன்று. அது ஓர் இளஞ்செடி. முதிர்ந்து விழுந்தால், நீரற்ற வேளையில் சேற்றில் குத்தி நின்று வேர் விடும். நீர் இருந்தால் மிதந்து சென்று வேறொரு கரையில் ஒதுங்கி வளரும்.

தில்லை

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும் இக்குடும்பத்துத் தோழமையால்தான். தில்லை மரம் (எக்ஸ்கோகேரியா அகல்லோச்சா) அக்கோயிலின் தலமரம். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. நகரில் அந்தக் காடு இன்று இல்லை. தில்லை மரங்களைக் கூட்டமாகக் காணப் பிச்சாவரம்தான் போகவேண்டும்.

காடும் கஞ்சியும்

என் சித்தப்பா உப்பங்கழியில் இறாலும் நண்டும் பிடிப்பவர். அவர் பள்ளிக்கூடம் சென்றதில்லை. ஆனால், "வேர் இருக்கிற பக்கம்தான் குஞ்சு இருக்கும்" என்று சொல்வார். வகுப்பில் உணவுச் சங்கிலியைப் படித்தபோது அந்தச் சொல் எனக்கு விளங்கியது. உதிரும் இலைகள் மட்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அவற்றை உண்டு வளரும் சிற்றுயிர்கள் மீன்குஞ்சுகளுக்கு இரையாகின்றன. வேர்களின் பின்னலுக்குள் பெரிய மீன்கள் எளிதில் புக முடியாது. காடு அழிந்தால் முதலில் காலியாவது எங்கள் வீட்டுச் சட்டிதான்.

வெட்டியதும் நட்டதும்

பிச்சாவரம் காடு ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-களின் காலம் வரை பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டப்பட்டது. வெட்டினால் மீண்டும் முளைக்கும் என்று எண்ணினர். நடந்தது வேறு. வெயில் பட்ட சேறு வற்றித் தாழ்ந்து பள்ளமாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கிக் காய்ந்தது. உப்பு ஏறி ஏறி, உப்பைத் தாங்கும் மரமும் வளராத நிலமாயிற்று. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். நீர் வந்து போனது, உப்புக் குறைந்தது, வாய்க்கால் கரைகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. குறை மண்ணில் இல்லை, நீரோட்டத்தில்தான் என்று கண்டதே அந்த வெற்றியின் இரகசியம்.

சுனாமி தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. அதன் கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, கடலூர் மாவட்டக் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்கூடக் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்துரைத்தனர். இரு தரப்பையும் நாம் கேட்கவேண்டும். காடு இருக்கிறது என்று நம்பிக் கடலோரத்தில் குடியேறுவது அறிவாகாது. அதற்காகக் காடு வீண் என்பதும் அறிவாகாது. கரையரிப்பைத் தடுப்பதும், சாதாரண அலையின் வேகத்தைத் தணிப்பதும், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிடுவதும் அந்தக் காடு அன்றாடம் செய்யும் பணிகள்.

இன்றைய கவலை நன்னீர். அலையாத்திக்குக் கடல்நீர் போதும் என்பது தவறான எண்ணம். ஆற்று நீர் வந்து கலந்தால்தான் பல இனங்கள் செழிக்கும். காவிரி நீர் அணைகளில் தங்கிவிட, கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கு நன்னீர் வருவது பெரும்பாலும் வெள்ளக் காலத்தில்தான். அதனால் உப்பை மிகுதியும் தாங்கும் வெண்கண்டலே காட்டில் பெருகி நிற்கிறது. ஆற்று நீர் கடலில் கலப்பது வீண் என்று மேடைகளில் கேட்கிறோம். அந்த நீருக்கும் ஒரு காடு காத்திருக்கிறது என்பதைத் தாவரவியல் பயிலும் நாமாவது எடுத்துச் சொல்வோம்.