பாடம் 4: சென்னையிலிருந்து பதுளை வரை – தூரமும் நேரமும்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களும், தோட்டத்தில் அவர்களுக்காகக் காத்திருக்கும் உறவினர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம் இது.

அன்றைய வழி

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற மலையக மக்கள் ரயிலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் அடைந்தார்கள். அந்தக் கப்பல் சேவை 1984இல் நின்றது. இன்று திரும்புவோரில் பலர் விமானத்திலேயே வருகிறார்கள்.

வானத்தில்

சென்னையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீற்றர். பயணம் ஏறத்தாழ 1 மணித்தியாலம் 20 நிமிடம். திருச்சியிலிருந்து சுமார் 415 கிலோமீற்றர். ஏறத்தாழ 1 மணித்தியாலம். தூரம் குறைந்த அளவுக்கு நேரம் குறையவில்லை. ஓடுபாதையில் நகரவும், மேலே ஏறவும், இறங்கவும் எல்லா விமானத்துக்கும் நேரம் தேவை என்பதே காரணம்.

2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

தரையில்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை சுமார் 292 கிலோமீற்றர். மலை ஏறும் பாதை என்பதால் 9 முதல் 10 மணித்தியாலம் ஆகும். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் 99ஆம் இலக்க பஸ்ஸில் ஏறத்தாழ 7 மணித்தியாலம். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படலாம். புறப்படும் முன் விசாரியுங்கள்.

ஒரு கணக்கு

விமானம் பகல் 12.00 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்.

- காலை 9.00: சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும்
- பிற்பகல் 1.20: கட்டுநாயக்கவில் தரையிறங்கல்
- 3.00: குடிவரவுச் சோதனை முடிந்து, பொதிகளுடன் வெளியே வருதல்
- 4.30: 187ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்பு
- 5.00: பதுளை பஸ்
- நள்ளிரவு 12.00: பதுளை

மொத்தம் 15 மணித்தியாலம். வானத்தில் இருந்தது அதில் 1 மணித்தியாலம் 20 நிமிடம் மட்டுமே. நள்ளிரவில் பசறைக்கோ மடுல்சீமைக்கோ பஸ் கிடைக்காது. பிள்ளைகளும் வயோதிபரும் பொதிகளுடன் பஸ் நிலையத்தில் விடியும்வரை இருக்க நேரிடும்.

என்ன செய்யலாம்?

இரவு 10.00 மணியளவில் கொழும்பிலிருந்து புறப்படும் பஸ்ஸைப் பிடித்தால் விடியற்காலை பதுளை சேரலாம். தோட்டத்துக்குக் காலை பஸ் இருக்கும். அல்லது கொழும்பில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். பயண ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்து மூன்றும் பெரிய பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல், பதுளை சேரும் நேரத்தையும் சொல்லுங்கள்.

பயிற்சி

உங்கள் விமானம் மாலை 4.00 மணிக்குப் புறப்பட்டால் பதுளைக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள்? மேலே உள்ளதுபோல் எழுதிப் பாருங்கள். இரவு எங்கே தங்குவது என்பதைக் குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.