காந்தத்தைக் கீழே வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. கஞ்சமலை அடிவாரத்தில், மழைநீர் அரித்த ஓடைக்கரையில் கிடைத்த கல் என்று எழுதியிருந்தாய். உள்ளங்கை அளவு, கன்னங்கரேல் நிறம், எடுத்தால் நல்ல கனம். "காந்தம் வைத்ததும் பட்டென்று ஒட்டிக்கொள்கிறது சார். விண்கல்தானே? என்ன விலை போகும்?" என்று கேட்டிருந்தாய். உன் கல்லைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் காந்தத்தைக் கீழே வை. உன்னைப் போல இந்த வழியில் கிளம்பியிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பகிரங்கக் கடிதமாக எழுதுகிறேன்.

சகாராப் பாலைவனத்தில் கிடைத்து, 2011-இல் மொராக்கோவில் கைமாறிய 320 கிராம் கல் ஒன்று உண்டு. பட்டியலில் அதன் பெயர் என்.டபிள்யூ.ஏ. 7034. அதன் கருமையைக் கண்டு 'பிளாக் பியூட்டி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். செவ்வாய்க் கோளின் மேலோட்டிலிருந்து பெயர்ந்து வந்த கல் அது. அந்தக் குடும்பக் கற்களில் சுமார் 440 கோடி ஆண்டு வயதுடைய சிர்கான் படிகங்கள் இருக்கின்றன. இன்று செவ்வாயில் பூமிக்கு இருப்பது போன்ற காந்தப்புலம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. அது எப்படி இருந்தது, எப்போது அடங்கியது என்று சொல்லியிருக்கக்கூடிய கல் இது. 2023-இல் வெளியான ஆய்வு மனத்தைக் கனக்கச் செய்தது. ஆராய்ந்த துண்டுகளில் பழைய காந்தப் பதிவு போய்விட்டிருந்தது. பாலைவனத்திலும் சந்தையிலும் 'ஒட்டுகிறதா பார்க்கலாம்' என்று யாரோ வைத்த கைக்காந்தம் ஒரு நொடியில் அதைத் துடைத்துவிட்டது. 1984-இல் அன்டார்டிகாப் பனிமேல் எடுக்கப்பட்ட ஏ.எல்.எச். 84001 என்ற செவ்வாய்க்கல் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. அதில் சுமார் 400 கோடி ஆண்டு முந்தைய காந்தத் தடயம் இன்னும் இருக்கிறது.

விண்கல்லை அடையாளம் காணும் கலையில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய விதியை இதிலிருந்து எடுத்துக்கொள்: கல்லுக்குக் குறைவாகத் தீங்கு செய்யும் சோதனை முன்னால், அதிகம் செய்வது பின்னால்.

ஆகவே முதலில் கண். புதிதாக விழுந்த விண்கல்லின் மேல், காற்றை உரசி உருகிய கரிய தோல் இருக்கும். பெரும்பாலும் முட்டை ஓட்டின் கனம்தான். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அது பெயர்ந்த இடத்தில் உள்ளே வெளிர்சாம்பல் தெரியும். சில கற்களில், பிடி கொழுக்கட்டையில் விரல் பதிந்தது போன்ற மெல்லிய குழிகள் இருக்கும். கற்கண்டு போல் கூர்கூராகவோ, பஞ்சு போல் பொத்தல் பொத்தலாகவோ இருந்தால் சந்தேகப்படு. காற்றுக் குமிழின் பொத்தல் விண்கல்லில் மிக மிக அரிது. எரிமலைக் கல்லிலும் உலைக் கழிவிலும் சாதாரணம்.

அடுத்து லென்ஸ். ஏற்கெனவே உடைந்த முகம் இருந்தால் அதை வெயிலில் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பார். இதற்கென்று நீ உடைக்காதே. கசகசாவும் கடுகும் தூவியது போல் உருண்டை மணிகள் தெரிகின்றனவா? அவைதாம் காண்ட்ரூல்கள், கோள்கள் உருவாவதற்கு முன்பே, சூரியனைச் சுற்றிய தூசு உருகித் துளித்துளியாக உறைந்தவை. பூமியின் எந்தப் பாறையிலும் அவை இல்லை. அவற்றின் நடுவே வெள்ளி போல் மின்னும் உலோகப் பொட்டுகளும் இருந்தால், உனக்குக் கை நடுங்கலாம்; நடுங்கட்டும்.

மூன்றாவது தராசு. கல்லை நிறுத்துக்கொள். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கத் தொங்கவிட்டு மறுபடி நிறு. எடை எவ்வளவு குறைகிறதோ, அதைக் கொண்டு முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கருங்கல் 2.7 அளவில் நிற்கும். காண்ட்ரூல்கள் கொண்ட கல்வகையான சாதாரணக் காண்ட்ரைட் 3.5-ஐ ஒட்டி வரும். இரும்பு விண்கல் 8-ஐ நெருங்கும். 5 என்று வந்தால் அது இரும்புத் தாதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக விழுந்த கல் என்று தோன்றினால் இந்தத் தண்ணீர்ச் சோதனையும் வேண்டாம். ஈரம் அதற்கு விஷம்.

நான்காவது, குளியலறை ஓட்டின் மெருகில்லாத பின்புறம். கல்லின் ஓர் ஓரத்தை அதில் லேசாக இழு. கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட். செங்காவிக் கோடு விழுந்தால் ஹேமடைட். விண்கல் பொதுவாகக் கோடே போடாது. இத்தனையும் தாண்டிய பிறகுதான் காந்தம். அதுவும் முழுக் கல்லுக்கு வேண்டாம். தானாக உதிர்ந்த ஒரு நொய்யரிசி அளவுத் துணுக்கு போதும். அறுப்பது, மெருகேற்றுவது, அமிலம் பூசுவது, நிக்கல் அளப்பது எல்லாம் ஆய்வகத்தின் வேலை.

வகைகளையும் மனத்தில் பதித்துக்கொள். விழுவதைக் கண்ணால் பார்த்து எடுத்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேல் கல்வகைதான். அவற்றில் பெரும்பங்கு காண்ட்ரைட். இரும்புவகை நூற்றுக்கு ஐந்து அளவே. இரும்பும் கல்லும் கலந்தது ஒன்றுதான் தேறும். பச்சை ஒலிவின் மணிகளை இரும்பில் பதித்தது போன்ற பல்லசைட் அதில் சேர்த்தி. இரும்பு விண்கல்லை அறுத்து அமிலம் பூசினால், பாய்முடைந்தது போன்ற வரிகள் எழும். சிறுகோள் ஒன்றின் வயிற்றில் இரும்பும் நிக்கலும் பல பத்து லட்சம் ஆண்டுகளாக ஆறி ஆறிப் பின்னிய கோலம் அது. எந்தப் பட்டறையிலும் அதைப் போலி செய்ய முடியாது.

நம் மண்ணிலும் ஒரு பேர்பெற்ற காண்ட்ரைட் விழுந்திருக்கிறது. 1857 பிப்ரவரி 28-இல் மதுரை வட்டாரத்தில் விழுந்து, வெள்ளைக்காரர் ஏட்டில் 'பார்நல்லி' என்று பதிவானது. சுமார் 77 கிலோ. எல்.எல்.3 என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த 3 என்ற எண்தான் அதன் பெருமை. பிறந்த பின் அதிகம் வேகாததால் காண்ட்ரூல்கள் கலங்காமல் அப்படியே இருக்கின்றன என்று பொருள்.

இப்போது விலைக்கு வருகிறேன். பணமதிப்பு இல்லையென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் 24.67 கிலோ எடையுள்ள ஒரு செவ்வாய்க்கல், கட்டணங்கள் சேர்த்து 50 லட்சம் டாலருக்கும் மேல் போனது. ஆனால் அதே செவ்வாயின் கல் ஒன்று, 1865-இல் பீகாரின் ஷேர்காட்டியில் விழுந்து, நூறாண்டுக்கு மேல் பிறப்பிடம் புரியாமலே கிடந்தது. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்குள்ள காற்றை அளந்தன. ஷேர்காட்டிக்கு உறவான அன்டார்டிகாக் கல் ஒன்றுக்குள் அடைபட்டிருந்த வாயு அதோடு பொருந்துவதை 1983-இல் கண்டார்கள். கல் மாறவில்லை, அதைப் படிக்கும் கண் வந்தது, மதிப்பும் வந்தது. எங்கே, எப்போது விழுந்தது என்ற குறிப்போடு யாரோ பத்திரப்படுத்தி வைத்ததால்தான் அந்தக் கண் வரும்வரை கல்லும் காத்திருந்தது.

2000 ஜனவரியில் கனடாவின் டாகிஷ் ஏரிப் பனிமேல் கரிச்சத்து நிறைந்த அபூர்வமான கல் சிதறியது. அங்கே வாழ்ந்த ஒருவர் கை படாமல் பிளாஸ்டிக் பையில் அள்ளி, உருகவிடாமல் குளிரிலேயே வைத்து ஆய்வாளர்களிடம் சேர்த்தார். பனி உருகத் தொடங்கிய பின் எடுத்த பல துண்டுகள் ஊறிக் குழைந்திருந்தன. எடையில் அவையே அதிகம். அறிவியலுக்கு விலைமதிப்பற்றவை முதலில் எடுத்தவை. நம் நாட்டில் விண்கற்களைப் பேணும் பொறுப்பு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையுடையது. உண்மையான கல் உன் கைக்கு வந்தால், தரகரிடம் போகாமல் அங்கே போ.

இன்னொன்று. 'இல்லை' என்று சொல்லப் பழகு. 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் ஒரு வெடிப்பில் ஓர் ஓட்டுநர் உயிரிழந்தபோது, விண்கல் விழுந்தது என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், தரையில் நடந்த வெடிப்பாகவே தெரிகிறது என்றார்கள். ஓர் ஊரே நம்பும்போதும் ஆதாரத்தின் பக்கம் நிற்கும் துணிவு வேண்டும்.

ஆனால் அந்த 'இல்லை'யைச் சொல்லும் விதம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் வேட்டித் துணியில் முடிந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தார். "விண்கல் இல்லைங்க" என்று நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது சரிதான். எங்கே கிடைத்தது, ஏன் இத்தனை நாள் வைத்திருந்தார் என்று மட்டும் கேட்கவில்லை. முப்பது ஆண்டாக அது என்னை உறுத்துகிறது.

அதனால் உன் கல்லை அப்படி அனுப்ப மாட்டேன். மூன்றாவது படத்தில் உடைந்த ஓரத்தில் பொத்தல்கள் இருக்கின்றன, பக்கவாட்டில் வழிந்து உறைந்த தடம் இருக்கிறது. அது விண்கல் இல்லை தம்பி. இரும்புக் கிட்டம். கஞ்சமலைத் தாதுவை உருக்கிய உலைகள் அந்த வட்டாரத்தில் நெடுங்காலம் எரிந்தன; அவற்றில் ஒன்று கக்கியதாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த ஓடைக்குப் போ. கல் கிடந்த இடத்தைக் குறித்துக்கொள், கரையைப் பொறுமையாகப் பார். செங்கல் நிறத்தில் சுட்ட மண்ணோ, துருத்திக் குழலின் உடைந்த முனையோ தெரிந்தால் தொடாதே. படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவி. சுட்ட மண்ணும் தான் கடைசியாக ஆறிய நாளில் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்தது என்பதை உள்ளே வைத்திருக்கும். உலை எப்போது அணைந்தது என்று அதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஆகவே அன்றும் காந்தம் வீட்டிலேயே இருக்கட்டும். நோட்டும் பென்சிலும் எடுத்துப் போ.

அன்புடன்,
உன் ஆசிரியன்