பூனை பக்கத்து நியாயம்

ஊத்தங்கரையிலிருந்து போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் இருட்டு விலகுமுன்னே வாசல் கதவைத் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பூனை தெருவைத் தாண்டினால் ஓடுகிற வண்டி நிற்கிறது. "குறுக்கே போயிடுச்சு, ஒரு நிமிஷம் நின்னு போ" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற மாவட்டம் இது. மூன்று மொழிக்காரர்களும் பூனை சகுனத்தில் மட்டும் ஒரே கட்சி.

பூனையின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். எலியும் சுண்டெலியும் அந்தியிலும் விடியலிலும் அதிகம் நடமாடும். பூனையின் உடம்பும் அந்த இரண்டு வேளைக்கே பழகியது. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும், அதற்குக் கண் தெரியும். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அது தூங்குவதும் இந்த இரண்டு வேளை வேட்டைக்காகத்தான், சோம்பலால் அல்ல. நாம் வேலைக்குக் கிளம்புகிற நேரமும் அது வேலையில் இருக்கிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. தெருவைக் கடக்கும்போது ஆபத்து அதற்குத்தான். வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுச் செத்த பூனைகளைச் சாலையோரம் பார்க்கிறோமே, அவற்றுக்கு மனிதன்தான் குறுக்கே வந்த கெட்ட சகுனம்.

"பூனைக்குப் பால் ஊற்றினால் போதும்" என்பது வீட்டுக்கு வீடு இருக்கிற அடுத்த நம்பிக்கை. குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலைச் செரிக்கிற நொதி அதற்கு நிறைய உண்டு. பால் மறந்த பிறகு அது குறைந்துவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு மாட்டுப்பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வருகிறது. கொழுப்பின் வாசனைக்காகத்தான் அது பாலை விரும்பிக் குடிக்கிறது. இனிப்பு என்பதே பூனைக்குத் தெரியாது. நாக்கில் இனிப்பை உணரவைக்கும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005இல் கண்டறிந்தார்கள். பாயசம் வைத்தால் அதன் நாக்குக்கு வெறும் கொழுப்பும் ஈரமும்தான்.

பாலோடு ஒட்டிய பழமொழி ஒன்று உண்டு: பால் குடிக்கிற பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். தான் பார்க்காவிட்டால் பிறரும் தன்னைப் பார்க்கவில்லை என்று பூனை நினைப்பதாக இதற்குப் பொருள். உண்மையில், ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. முகத்தருகே போட்ட மீன் துண்டை அது மோந்து மோந்து தேடுவதும் இதனால்தான். கிண்ணத்துக்குள் முகத்தை வைத்த பிறகு கண்ணுக்கு அங்கே வேலை குறைவு. மீசையும் மூக்கும் அந்த வேலையைப் பார்க்கின்றன. நாக்கு நுனி பாலின் மேற்பரப்பைத் தொட்டு மேலே இழுக்க, ஒரு தாரை எழுகிறது. அது கீழே விழுமுன் வாய் மூடிக்கொள்கிறது. நொடிக்கு மூன்று நான்கு முறை நடக்கும் இந்த வேலையை அமெரிக்க ஆய்வாளர்கள் வேகக் கேமராவில் பிடித்து 2010இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அத்தனை நேரமும் இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பிக்கொண்டிருக்கும். நாம் அடுக்களை வாசலுக்கு வருமுன்பே நம் காலடி அதற்குக் கேட்டுவிடுகிறது. ஏமாந்த பூனை என்று நாம் சொல்கிற நேரத்தில் அது முழு எச்சரிக்கையோடு இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு பால் அல்ல, வெறும் சோறு. தயிர்சாதத்திலும் களியிலும் வயிறு நிறையும், ஆனால் பூனை வாழ முடியாது. அதற்கு டாரின் என்ற சத்து வேண்டும். மாமிசத்தில்தான் அது கிடைக்கும், பூனையின் உடம்பு தேவையான அளவுக்கு அதைத் தானே தயாரித்துக்கொள்ளாது. அது இல்லாவிட்டால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் பலவீனப்படும் என்று 1987இலும் தெரியவந்தது. சைவ வீடுகளில் பூனை வளர்ப்பதில் குற்றமில்லை, பூனையைச் சைவமாக்குவதில்தான் குற்றம். கையால் மாமிசம் தொட விரும்பாதவர்களுக்குக் கடையில் பூனைத்தீனி பாக்கெட் இருக்கிறது. அசைவ வீட்டிலும் ஒரு கவனம் வேண்டும். குழம்பில் கிடந்த மீனைப் போடும்போது அதோடு வெங்காயமும் பூண்டும் போகின்றன. இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உப்பும் மசாலாவும் சேராமல் தனியே வேகவைத்த துண்டுதான் அதற்கு உணவு.

"சோறு போட்டால் எலி பிடிக்காது" என்று கடலைக்காய் மூட்டையும் கேழ்வரகும் அடுக்கி வைத்திருக்கிற வீடுகளில் பூனையைப் பட்டினி போடுகிறார்கள். வேட்டையும் பசியும் பூனைக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டவை அல்ல. பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன் எலியை விட்டபோது, அவை தீனியை விட்டு எழுந்துபோய் எலியைக் கொன்றுவிட்டுத் திரும்பிவந்து தீனியைத் தொடர்ந்தன. 1976இல் வெளியான ஒரு ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. பட்டினிப் பூனை அடுத்த வீட்டு அடுக்களைக்குப் போகும், அங்கே அடிவாங்கும். வயிறு நிறைந்த பூனை நம் வீட்டு மூட்டைகளிடையே சுற்றும். பெருச்சாளியை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள், அந்த அளவு எலியைப் பெரும்பாலான பூனைகள் தொடுவதில்லை. பூனை இருக்கும் வீட்டில் எலி மருந்தும் வைக்கக் கூடாது. கேக் வடிவில் விற்கும் மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் உள்ளே ரத்தம் கசியும்.

பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார்கள் எண்ணிச் சொல்வார்கள். தாய்ப்பூனை ஏழு வரை எண்ணுவதில்லை. ஆள் வந்து வந்து பார்த்தால் மாற்றும், ஈரம் ஏறினால் மாற்றும், உண்ணியும் நாற்றமும் சேர்ந்தால் மாற்றும், குட்டி வளர்ந்து இடம் போதாவிட்டாலும் மாற்றும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியபோது, தாழ்வான தெருக்களில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்களே, தாய்ப்பூனை செய்வதும் அதேதான். பீரோவுக்குப் பின்னால் குட்டி இருப்பது தெரிந்ததும் வீட்டுப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று வரிசையாக எட்டிப் பார்த்தால் அது மாடிப்படிக்குக் கீழே போகும். அங்கேயும் எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். ஏழு வீடு கணக்கை உண்டாக்குவது நாம்தான். முதல் சில வாரம் அந்த மூலையை விட்டுவிட்டால் போதும்.

கழுத்துப் பிடரியைக் கவ்வித் தூக்கும்போது குட்டி கைகால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கும். வைணவத்தில் தென்கலையார் சரணாகதிக்கு உவமையாக எடுத்த மார்ஜார நியாயம் இந்தக் காட்சியிலிருந்து பிறந்தது. உவமை குட்டிக்குப் பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்குகிறவர்கள் அதற்கு வலியையும் பயத்தையும் கொடுக்கிறார்கள். நெஞ்சுக்குக் கீழே ஒரு கையும் பின்னங்காலுக்கு ஒரு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும்.

எனக்கு அதிகம் மனம் நோகும் நம்பிக்கை, "நாய்க்கு மனுஷன்மேல் பாசம், பூனைக்கு வீட்டின்மேல் பாசம்" என்பது. வேலை மாறி ஓசூருக்கோ பெங்களூருக்கோ வீடு பெயர்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் பூனையைப் பழைய வாசலிலேயே விட்டுப் போகிறார்கள். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டின் விட்டாலி குழுவினர் 2019இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புது அறையில் பூனையை வளர்ப்பவரோடு சிறிது நேரம் விட்டு, பிறகு தனியே விட்டு, மீண்டும் அவரை உள்ளே அனுப்பினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் அவரைக் கண்டதும் பதற்றம் தணிந்து, தைரியமாக அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. கைக்குழந்தைகள் தாயிடம் காட்டும் விகிதமும் ஏறக்குறைய இதுவே. தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பூனை பிரித்தறிகிறது என்று அதே ஆண்டு ஜப்பானிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அரிது. அந்தக் குரலை அவை பெரும்பாலும் நமக்காகவே வைத்திருக்கின்றன.

வீடு மாறும்போது அதையும் கூட்டிப் போங்கள். புது வீட்டில் ஒரு அறைக்குள் பத்துப் பதினைந்து நாள் வைத்து, அது படுத்த பழைய சாக்கையும் உங்கள் பழைய துணி ஒன்றையும் அங்கே போட்டால் அதன் மூக்குக்கு அது சொந்த வீடாகிவிடும்.

"பூனை முடி வயிற்றில் போனால் இளைப்பு வரும்" என்பதில் பாதி உண்மை. குற்றவாளி முடி அல்ல, பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது மூச்சுத் தொல்லை தரும், அவர்கள் மருத்துவரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்குப் பயமில்லை. மாசமாக இருக்கும் பெண்ணுக்காகப் பூனையைத் துரத்த வேண்டியதும் இல்லை. அதன் கழிவை வேறொருவர் தினமும் அள்ளிப் போட்டால் போதும். அந்தக் கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, சரியாக வேகாத கறியாலும் கழுவாத கீரையாலும்கூட வரும்.

உயிரோடு விளையாடும் நம்பிக்கைகள் இரண்டு உண்டு. பூனைக்குக் காய்ச்சல் என்றால் நம் பாராசிட்டமாலில் கால் துண்டு கொடுக்கலாம் என்பது ஒன்று. அந்த மருந்தைக் கழிக்கும் வழி பூனையின் ஈரலில் போதுமானதாக இல்லை. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடலாம். உடம்பு சரியில்லாத பூனையைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நம் வாயில் அது மாட்டாஸ்பத்திரி, ஆனால் பூனையையும் பார்ப்பார்கள்.

மற்றொன்று, "நாய் கடித்தால்தான் ஊசி, பூனை கீறினால் மஞ்சள் போதும்" என்பது. வெறிநோய் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பதால் நகக்கீறலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் இன்னும் சிலர் ஒளிக்கிறார்கள். அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004 இறுதியிலேயே நிறுத்திவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என நான்கு முறை போக வேண்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்தில் போடும் மருந்தும் சேரும். பூனைக்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போட்டு வாருங்கள்.