எது போதிய தகவல்? சித்தூர்–திருப்பதிச் சாலையில் ஒரு கணக்கு

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணி முதனிலைத் தேர்வில் 2011ஆம் ஆண்டு முதல் திறனறித் தாள் ஒன்று இடம்பெற்று வருகிறது. பத்தாம் வகுப்பு அளவிலான ‘தரவுப் போதுமை’ அதன் பாடத்திட்டத்தில் ஓர் அங்கமாகும். இத்தாளில் 33 விழுக்காடு பெறாதவருடைய முதல் தாள் மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. தவறான விடைக்கு, அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுகிறது. எனவே இப்பகுதியைப் புறக்கணிப்பது மாணவர்க்கு இழப்பையே தரும்.

சாதாரணக் கணக்கு, ‘விடை என்ன?’ என்று கேட்கிறது. தரவுப் போதுமைக் கணக்கோ, ‘விடை காணத் தேவையான தகவல் கையில் உள்ளதா?’ என்று கேட்கிறது. இரண்டு கூற்றுகள் தரப்படும். ஒவ்வொன்றையும் முதலில் தனித்தனியே ஆராய வேண்டும். தனித்தனியே போதாதபோதுதான் இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டும்.

இரு பேருந்துகள்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலை 6 மணிக்கு இவ்விரு ஊர்களிலிருந்தும் இரு பேருந்துகள் எதிரெதிராகப் புறப்பட்டுச் சீரான வேகத்தில் செல்வதாகக் கொள்வோம்.

கூற்று 1: சித்தூர்ப் பேருந்து, திருப்பதிப் பேருந்து ஆகியவற்றின் வேக விகிதம் 3 : 4.
கூற்று 2: இரு வேகங்களின் கூட்டுத்தொகை மணிக்கு 70 கிலோமீட்டர்.

அவை எங்கே சந்திக்கும் என்பது வினாவாயின், முதற்கூற்று மட்டுமே போதுமானது. ஒரே நேரத்தில் புறப்பட்டவை சந்திக்கும் வரை ஒரே கால அளவு ஓடுகின்றன. ஆகவே கடந்த தொலைவுகளும் 3 : 4 என்றே அமையும். சந்திக்கும் இடம் சித்தூரிலிருந்து 30ஆவது கிலோமீட்டர். வேகம் எவ்வளவு என்பது இங்குத் தேவையே இல்லை.

எப்போது சந்திக்கும் என்பது வினாவாயின், நிலைமை தலைகீழாகிறது. எதிரெதிராக வருபவற்றின் சார்பு வேகம் அவற்றின் வேகங்களின் கூட்டுத்தொகையாகும். இரண்டாம் கூற்றின்படி 70 கிலோமீட்டர் இடைவெளி ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். விடை 7 மணி. முதற்கூற்று இங்குப் பயன்படாது. தகவல் மாறவில்லை, வினா மாறியதும் போதுமையும் மாறிவிட்டது.

மறைந்திருக்கும் நிபந்தனை

திருப்பதிப் பேருந்து அரை மணி தாமதமாகப் புறப்பட்டால், வேக விகிதம் மட்டும் இடத்தைச் சொல்லாது. சித்தூர்ப் பேருந்தின் வேகம் 28 எனில் சந்திப்பு 38ஆவது கிலோமீட்டரிலும், 42 எனில் 42ஆவது கிலோமீட்டரிலும் நிகழும். ஒரே கூற்றுக்குப் பொருந்தும் இருவேறு விடைகளைக் காட்டிவிட்டால், அக்கூற்று போதாது என்பது உறுதி. தேர்வில் இது மிகப் பயனுள்ள முறையாகும்.

குறைவாகத் தோன்றும் தகவல் போதுமானதாக இருப்பதும் உண்டு. 6 மணிக்கே புறப்பட்ட இரண்டும் சந்தித்த பின்னர், சித்தூர்ப் பேருந்து 80 நிமிடத்திலும் திருப்பதிப் பேருந்து 45 நிமிடத்திலும் தத்தம் எல்லையை அடைந்தன என்க. தொலைவும் வேகமும் தரப்படவில்லை. எனினும், சந்திக்கும் வரை ஒன்று கடந்த பாதையையே பின்னர் மற்றது கடக்கிறது. எனவே சந்திக்க ஆன நிமிடங்களின் வர்க்கம் 80, 45 ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்குச் சமம். பெருக்கற்பலன் 3,600, ஆன நேரம் 60 நிமிடம்.

நிர்வாகத்தில் இதன் இடம்

இப்பயிற்சி தேர்வோடு முடிவதன்று. பதினைந்தாம் நிதிக்குழு, 2021–26 காலத்திற்கு, மாநிலங்களுக்குரிய வரிப் பங்கில் ஆந்திரப் பிரதேசத்திற்கு 4.047 விழுக்காட்டையும் தமிழ்நாட்டிற்கு 4.079 விழுக்காட்டையும் பரிந்துரைத்தது. எம்மாநிலத்திற்கு மிகுதி என்று அறிய இவ்விவரம் போதும். எத்தனை கோடி என்று அறியப் போதாது. அதற்குப் பகிரப்படும் மொத்தத் தொகை தெரிய வேண்டும். பயனாளிகள் 50 விழுக்காடு பெருகினர் என்னும் அறிக்கையும் அத்தகையதே. முன்பு 20 பேரா, 20,000 பேரா என்பது தெரியாமல் நிதி ஒதுக்க இயலாது.

போதாத தகவலைக் கொண்டு முடிவெடுத்தால் பொதுப்பணம் வீணாகும். போதிய தகவல் இருந்தும் மேலும் விவரம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினால் காலம் வீணாகும். வினாவை முதலில் தெளிவாக வரையறுத்து, அதற்கு எது தேவை என்று கண்டபின் புள்ளிவிவரங்களை நாடுவதே இரண்டையும் தவிர்க்கும் வழியாகும்.