கீயை நம்பாதீங்க, சிஸ்டர்

நர்சிங் வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "உங்க கையில இருக்கிற கொஸ்டின் பேங்க் எந்த வருஷத்துப் பதிப்பு?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. அது வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். ஆக இருக்கும். அட்டை கிடையாது, தொகுத்தவர் பெயர் கிடையாது. ஆயிரக்கணக்கில் கேள்விகள், கடைசிப் பக்கங்களில் விடைப் பட்டியல், அதாவது கீ. அந்தக் கீதான் பல பேருடைய வேலையைக் காலி செய்கிறது. ஒரு முறை என்னுடையதையும் காலி செய்தது.

நான் சமயநல்லூர்க்காரி. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் ட்யூட்டி பார்த்துக்கொண்டே எய்ம்ஸ் நர்சிங் வேலைத் தேர்வான நார்செட் எழுதி, இப்போது வடக்கே ஒரு எய்ம்ஸில் நர்சிங் ஆபீசராக இருக்கிறேன். லீவில் ஊருக்கு வந்தால், "தோப்பூர்லயே போட்டுட்டாங்களாம்மா?" என்று விசாரிக்கிறார்கள். 2019 ஜனவரியில் அங்கே அடிக்கல் நாட்டியதிலிருந்து நம் பக்கத்தில் எய்ம்ஸ் என்றாலே தோப்பூர்தான். இன்னும் சிலர், "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?" என்று அம்மாவிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன். 2015-இல் நம் மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த அக்காக்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசருக்கு ஏழாவது ஊதிய நிலை, அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். நான் ஏன் வடக்கே போனேன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

விண்ணப்பம்: சுருக்கமாக

பி.எஸ்சி. முடித்தவர்கள் நர்சிங் கவுன்சில் பதிவு கைக்கு வந்ததும் எழுதலாம். ஜி.என்.எம். என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்குங்கள். நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. போட்டோ, கையெழுத்து எல்லாம் பிரவுசிங் சென்டரில் பார்த்துக்கொள்வார்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு தப்பு விடையின் விலை

நார்செட் 2020-இல் தொடங்கிய தேர்வு. 2023 முதல் பிரிலிம்ஸ், மெயின்ஸ் என்று இரண்டு கட்டம். பிரிலிம்ஸில் 90 நிமிடத்தில் 100 கேள்வி. அதில் 80 நர்சிங், 20 பொது அறிவும் திறனறிவும். தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு மார்க் போகும். பொதுப் பிரிவுக்கு 50, ஓ.பி.சி.க்கு 45, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் குறைந்தபட்சம் எடுத்தாக வேண்டும்.

நூறையும் தொட்டு 60 சரி, 40 தவறு என்றால் கையில் நிற்பது 46.67. அதே 60 சரியோடு, தெரியாத 15 கேள்வியை விட்டிருந்தால் 51.67. இதை எல்லாக் கோச்சிங்கிலும் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் சொல்லாதது ஒன்று உண்டு. தெரியாத கேள்வியை விட்டுவிடலாம். தெரியும் என்று நம்பி, தப்பாகப் படித்து வைத்திருக்கும் கேள்வியை எவரும் விடமாட்டார்கள். அதை முதல் ஆளாகப் போய்த் தொடுவோம். அப்படி மூன்று கேள்வி போனால் வர வேண்டிய மூன்று மார்க் வராது, வந்ததிலிருந்தும் ஒன்று போகும். ஆக நாலு. நான் தவறிய வருஷம் எனக்குக் குறைந்துபோனது நாலு மார்க் கூட இல்லை.

நான் படிக்காமல் தவறவில்லை. மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் முழுப் பணமும் கட்டி, அவர்கள் கொடுத்த தடித்த புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். அதுதான் வினை. அதில் சில கேள்விகளைக் காட்டுகிறேன், உங்கள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: காலாவதியான சைட்டோடாக்சிக் மருந்தை, அதாவது புற்றுநோய் மருந்தை, எந்த நிறப் பையில் போடுவது? கீயில் 'கறுப்பு' என்று இருந்தது. 1998-ஆம் ஆண்டு விதிகளில் கறுப்புதான். 2016-இல் புதிய உயிரி மருத்துவக் கழிவு விதிகள் வந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று ஆனபோது கறுப்புப் பை எடுக்கப்பட்டுவிட்டது. சைட்டோடாக்சிக் மருந்து இப்போது அதற்கான அடையாளம் ஒட்டிய மஞ்சளில் போகிறது. நான் தினமும் வார்டில் நாலு நிறத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டில் வந்து கறுப்பை மனப்பாடம் செய்தேன்.

இரண்டாவது: நினைவிழந்து, நாடித்துடிப்பு இல்லாமல் கிடக்கும் பெரியவருக்கு முதலில் என்ன செய்வாய்? கீயில் 'சுவாசப் பாதையைத் திற'. அமெரிக்க இதயச் சங்கம் 2010-லேயே ஏ-பி-சி வரிசையைப் பெரியவர்களுக்கு சி-ஏ-பி என்று மாற்றிவிட்டது. முதலில் மார்பில் அழுத்தம், பிறகுதான் பாதையும் மூச்சும்.

மூன்றாவது: ரத்தம் ஏற்றத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம், முதுகுவலி. முதல் வேலை என்ன? கீயில் 'டாக்டருக்குத் தெரிவி'. கிடையாது. முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். புது ட்யூபில் சலைன் போட்டு ஊசி அடைக்காமல் காப்பாற்ற வேண்டும். டாக்டருக்குப் போன் அப்புறம்தான். நீங்கள் போனைத் தேடும் நேரத்துக்குள் இன்னும் கொஞ்சம் தப்பான ரத்தம் உள்ளே போய்விடும்.

இதையெல்லாம் வகுப்பிலேயே கேட்டேன். அந்தச் சார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏம்மா, கீயில என்ன இருக்கோ அதை டிக் பண்ணு. நீ என்ன டாக்டரா?" வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

கேள்வி பழசாகாது, விடை பழசாகும். கழிவுப் பை, தடுப்பூசி அட்டவணை, சி.பி.ஆர். இந்த மூன்று தலைப்பில் எந்தக் கீயையும், மூலத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் படித்த விதம்

அடுத்த முறைக்கு அந்தப் புத்தகத்தில் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டேன். கீ இருந்த பக்கங்களைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், வடகம் காயப்போட உதவியது. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஏன் சரி என்று ஒரு வரி, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஆளுக்கு ஒரு வரி நோட்டில் எழுதினேன். ஒரு நாளைக்கு இருபது கேள்விதான் ஓடும். தோழிகள் இருநூறு ஓட்டினார்கள். ஓட்டட்டும்.

இப்படி எழுதும்போதுதான் கேள்வி எங்கே கண்ணி வைக்கிறது என்று தெரியும். சொட்டுக் கணக்கையே எடுங்கள். 500 மில்லி சலைன், 4 மணி நேரம். சொட்டுக் காரணி மில்லிக்கு 15 என்று கேள்வியில் கொடுத்திருப்பார்கள். 500-ஐ 15-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 31 சொட்டு. ஆனால் நம் வார்டில் கை பழகியது மில்லிக்கு 20 சொட்டு விழும் ஐ.வி. செட். கை தானாக 20-ஐப் போடும், 42 வரும். விடைகளில் 42 தயாராகக் காத்திருக்கும். வார்டில் நன்றாக வேலை செய்கிறவர்தான் இதில் மாட்டுவார்.

யாரை முதலில் பார்ப்பாய் என்ற வகைக் கேள்வி அடுத்தது. நாலு நோயாளிகள். சர்க்கரை 280 இருப்பவர், கால் முறிந்து வலியில் கத்துபவர், 101 டிகிரி காய்ச்சல்காரர், தைராய்டு அறுவை முடிந்து மறுநாள் "உதட்டைச் சுத்தி மரத்துப்போற மாதிரி இருக்கு" என்று மெதுவாகச் சொல்பவர். கத்துபவரிடம் ஓடத்தான் மனசு போகும். போக வேண்டியது மரத்துப்போகிறது என்பவரிடம். தைராய்டை எடுக்கும்போது பக்கத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். குரல்வளை இறுகி மூச்சே அடைத்துவிடலாம். இந்தக் காரணத்தை எழுதிப் படித்தவருக்கு அடுத்த பத்துக் கேள்வி இலவசம்.

இந்த வகைக்கு நான் பயன்படுத்தியது சாண்டர்ஸ் புத்தகம். அது அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வுக்கானது என்பதை மறக்காதீர்கள். வேலையை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று அதில் வரும் கேள்விகளில் மூன்று நிலைப் பணியாளர்கள் இருப்பார்கள். நம் வார்டில் நீங்கள், ஒரு ஆயாம்மா, அவ்வளவுதான். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையும் தேசியத் திட்டங்களும் அதில் இருக்காது. அதற்குப் பார்க் புத்தகம்தான், அதுவும் புதிய பதிப்பு. பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. 0.05 மில்லி, ஒரு மாதத்துக்கு மேல் 0.1 மில்லி என்ற வித்தியாசம் கூட என் கோச்சிங் புத்தகத்தில் இல்லை.

போஸ்டிங்கை வீணாக்காதீர்கள்

காலேஜில் எங்களை வளர்த்த விதம் வேறு. 'விரிவாக எழுதுக' என்றால் ஐந்து பக்கம், ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு, கட்டம் கட்டிய படம். அழகுக்கு மார்க். நான் சுருக்கமாக எழுதியதற்கு ஒரு மேடம் மார்க்கைக் குறைத்தார். வேலைத் தேர்வில் உங்கள் படத்தை எவரும் பார்க்கப் போவதில்லை.

எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தவர், போஸ்டிங் என்ற வார்டுப் பயிற்சிக்குப் போனபோது பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டில் இருந்த ஒரு ஸ்டாஃப் சிஸ்டர். எக்லாம்சியா வந்த பெண்ணுக்கு மக்னீசியம் சல்பேட் அடுத்த டோஸ் போட வேண்டிய நேரம். நான் ஊசியை எடுத்தேன். கையைப் பிடித்தார். "முட்டியத் தட்டுனியா? மூச்ச எண்ணுனியா? யூரோபேக்கப் பாத்தியா?" மூன்றும் இல்லை. சுத்தியல் கிடைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பின் வட்டத் தலையைத் திருப்பி அதன் விளிம்பால் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தட்டு. பாதம் லேசாக முன்னால் உதைத்தது. "இது உதைக்கலன்னா போடாத. மருந்து கூடிப்போச்சுன்னு முதல்ல சொல்றது இதுதான். மூச்சு அப்புறந்தான் நிக்கும்." சிறுநீர் நாலு மணி நேரத்தில் 100 மில்லிக்குக் குறையக் கூடாது என்றார். டிரேயில் கால்சியம் குளுக்கோனேட் ஆம்ப்யூல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுக் காட்டினார். மாற்று மருந்து அதுதான். இரண்டு நிமிடத்தில் முடிந்த பாடம். இதிலிருந்து எப்படி எப்படியெல்லாம் கேள்வி எடுத்தாலும் எனக்குத் தடுமாறாது.

ஆகவே போஸ்டிங்கில் ரெக்கார்டு நோட் நிரப்புவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஒரு சிஸ்டர் பின்னாலேயே போங்கள். நைட் ட்யூட்டி முடித்து ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, சமயநல்லூர் வருவதற்குள் தூங்கிவிடுவீர்கள், தெரியும். தூங்குங்கள். வீட்டில் அம்மா சமைத்து வைத்திருப்பார், சாப்பிட்டுவிட்டு இருபது கேள்வி போதும். கோச்சிங் போகாதீர்கள், அந்தப் பணத்துக்குப் புதிய பதிப்புப் புத்தகங்கள் வாங்குங்கள்.

என்னைப் பார்த்து வகுப்பையே சிரிக்க வைத்த சாரின் புத்தகம் போன மாதம் என் சித்தி மகள் கையில் இருந்தது. புது அட்டை, புது விலை. பிரித்துப் பார்த்தேன், கறுப்புப் பை அப்படியே இருக்கிறது. சார், அடுத்த பதிப்பிலாவது அதை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் உங்களை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள்.