ஷிப்டுக்கு நடுவே ஒரு பட்டம்

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு வீண், பகலிலும் இரவிலும் வகுப்பு வைத்தால் இரண்டே ஆண்டு போதும் என்று வாதாடினார். அன்றைய அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. எண்பது ஆண்டு கழித்து ராத்திரி வகுப்பு எல்லோர் செல்போனிலும் வந்துவிட்டது. ஆனால் எதில் சேர்வது, எவ்வளவு கட்டுவது, யாரை நம்புவது என்பதில்தான் மில்லிலும் பவுண்டரியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொண்டு படிக்க நினைப்பவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடம் போனில் இருக்கலாம், பரீட்சை நேரில் இருக்க வேண்டும்.

முதல் வேலை: பெயர்

படிப்பைத் தேடும் முன் உங்கள் ஆதாரையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒன்றில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. நம்மூரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இதுவரை அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இனிமேல் செய்யும். நீங்கள் முடிக்கும் பாடங்களுக்கான கிரெடிட் எல்லாம் 2021-இல் தொடங்கப்பட்ட அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில்தான் சேர்கிறது. அதை டிஜிலாக்கர் வழியாகத் திறக்க வேண்டும். 2024 முதல் ஆன்லைன், தொலைதூரப் படிப்புகளில் சேர யு.ஜி.சி.யின் டெப் ஐடி என்று இன்னொன்றும் கட்டாயம், அதற்கும் இந்தக் கணக்கு எண் வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் கடைசித் தேதியன்று ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார வேண்டியிருக்கும். இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கில் சேர்ந்த கிரெடிட் பொதுவாக ஏழு ஆண்டு செல்லும். கல்யாணம், குழந்தை, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று நடுவில் நின்றுபோனாலும் படித்தது கையை விட்டுப் போகாது. இனி வரப்போகும் உயர்கல்வியில் உண்மையிலேயே புதிய விஷயம் என்று எனக்குப் படுவது இதுதான், வீடியோ வகுப்பு அல்ல.

இரண்டாவது: ஒரே ஒரு பாடம்

பட்டத்தில் சேராதீர்கள். முதலில் ஒரு பாடம். அதற்கு என்.பி.டெல் போதும். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் 2003-இல் தொடங்கியது. 2014 முதல் சான்றிதழும் தருகிறது. 2017-இல் வந்த ஸ்வயம் தளத்தில் இருக்கிறது. படிக்கக் கட்டணம் இல்லை. பரீட்சை எழுத மட்டும் பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் கட்டணம். பாடங்கள் நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரம் ஓடும். ஜனவரியில் ஒரு பருவம், ஜூலையில் ஒரு பருவம். பதிவு செய்யும்போது தேர்வு நகரமாகக் கோவையையே தேர்ந்தெடுக்கலாம். ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று மணி நேரம், கண்காணிப்பாளர் பின்னால்.

எதைப் படிப்பது? செய்கிற வேலைக்குப் பக்கத்து வேலையைப் படியுங்கள். சி.என்.சி. ஆபரேட்டர் என்றால் தரக் கட்டுப்பாடு, திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்றால் சப்ளை செயின். கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசை, ஆனால் புரோகிராமே தெரியாது என்பவர்களுக்கு ஐ.ஐ.டி. ரோபர் பேராசிரியர் சுதர்ஷன் ஐயங்காரின் பைத்தான் பாடம், ‘தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’, பன்னிரண்டு வாரம். ஆங்கிலம் உதைக்கிறது என்றால் பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, பாடத்தின் பக்கத்திலேயே தேடுங்கள்.

மூன்றாவது: புதன் ராத்திரி

சேர்ந்தவர்கள் கழன்றுபோவது பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, அசைன்மென்ட்டால். வாரா வாரம் ஒன்று. கடைசி நேரம் பெரும்பாலும் புதன் இரவு 11.59. நாலு மணிக்கு ஏறி நடுராத்திரி இறங்கும் இரண்டாம் ஷிப்டுக்காரருக்கு அது மிஷின் முன்னால் நிற்கிற நேரம். ஒரு நிமிடம் தாண்டினாலும் பூஜ்யம். ஆகவே உங்கள் கெடு புதன் அல்ல, ஞாயிறு. ஞாயிறு கறிச்சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. வீடியோவை வாரம் முழுக்க பஸ்ஸில் கேட்கலாம், ஆனால் கணக்கைப் பேப்பரில் போட்டே ஆக வேண்டும்.

மதிப்பெண் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேற அசைன்மென்ட்டில் 10-ம் தேர்வில் 30-ம் வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது நாலு வாரம் விட்டுப்போனாலும் பரவாயில்லை. இந்த நாலை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். ஜூலைப் பருவம் என்றால் தீபாவளி ஆர்டர் நெருக்கும் வாரங்களுக்கு, ஜனவரிப் பருவம் என்றால் பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு.

நான்காவது: பட்டம்

ஒரு பாடத்தைத் தேர்வு வரை கொண்டுபோய் முடித்தவர் மட்டும் இதைப் படிக்கவும். முடிக்காதவர் இன்னொரு பருவம் பாருங்கள்.

நேர்ப் பரீட்சை என்ற என் அளவுகோலில் முதலில் நிற்பது சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டம். ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பு இல்லை. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நாலு வாரம் பாடம் நடத்தி, அதிலேயே தகுதித் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு மூன்று பருவம். எத்தனை பாடம் எடுக்கிறீர்களோ அதற்கு மட்டும் கட்டணம். நடுவில் நின்றால் அடிப்படைச் சான்றிதழோ டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ கையில் கிடைக்கும்.

வேறு பாடம் வேண்டுமா? மருதமலை அடிவாரத்தில் 1982 முதல் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகம், எட்டிமடை அமிர்தா, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று விசாரிக்க இடம் உண்டு. ஆனால் கல்லூரிப் பெயரை நம்பாமல் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில், நீங்கள் சேரும் பாடம், சேரும் ஆண்டு, சேரும் முறை மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனுக்கு அனுமதி வேறு, தொலைதூரத்துக்கு அனுமதி வேறு. பட்டியலில் இருந்தால் அந்தப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆன்லைனில் பி.இ. கிடையவே கிடையாது. யாராவது தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நர்சிங், பார்மசி, சட்டமும் அப்படியே. 2025 ஜூலைப் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்றவையும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. டிப்ளமோ வைத்திருந்து பி.இ. வேண்டும் என்பவர்கள் மாலை நேரப் பகுதிநேர வகுப்பைப் பற்றி ஜி.சி.டி.யிலும், சி.ஐ.டி. எனப்படும் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியிலும் கேளுங்கள்.

அரசு வேலைக் கனவு இருந்தால் இன்னொன்று. பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசுப் பணிக்குச் செல்லாது. பள்ளிப் படிப்பு விட்டுப்போனவர்கள் தனித்தேர்வராகப் பிளஸ் டூவை முடித்துவிட்டு வாருங்கள்.

தோட்டம் பார்ப்பவர்களுக்குப் பட்டமே தேவையில்லாமல் இருக்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை, தொலைதூரக் கல்வி இயக்ககத்தில் தமிழிலேயே சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன.

போன் வரும்

எங்கேயாவது ஒரு படிவத்தில் நம்பரைக் கொடுத்தால் போதும், “சார், இன்னைக்கு மட்டும் ஆபர்ங்க” என்று அழைப்பு தொடங்கிவிடும். மூன்று கேள்வி கேளுங்கள். தேர்வு எந்த ஊரில், எந்த ஹாலில்? பணம் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகுமா, உங்கள் கணக்குக்கா? வட்டியில்லா தவணை என்கிறீர்களே, கடன் தருவது யார்? மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் பதிலாக வரும். அப்படியென்றால் அது உங்கள் பெயரில் கடன். நீங்கள் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். கடைக்கு மேல் மாடியில் போர்டு மாட்டி ‘அட்மிஷன் சென்டர்’ நடத்துபவர்களிடமும் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகம் தன் படிப்பை இப்படி வெளியாளுக்குக் குத்தகை விடுவதை விதி அனுமதிப்பதில்லை.

கடைசியாக, பரீட்சை நாள். தேர்வுத் தேதி பாடம் தொடங்கும்போதே அறிவிப்பில் இருக்கும். அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி ஷிப்டு மாற்றி வையுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் ஆள் கிடைக்காது. முந்தின ராத்திரி மூன்றாம் ஷிப்டு மட்டும் வேண்டாம். ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து, பெயர் ஒத்துப்போகிற அசல் ஆதாரோடு கிளம்புங்கள்.